வெளிநாட்டில் உடையும் மனசு: எந்த நாட்டுக் கணக்கிலும் வராதது ஏன்?

சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. இங்கிருந்து உளுந்தூர்பேட்டைக்கு ஒரு பஸ். அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ இன்னொரு பஸ். அப்புறம் ஏர்போர்ட். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் ஒருவருக்கு வழி அவ்வளவுதான்.

இந்த ஊரிலிருந்து கிளம்பும் 26 வயசு இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஐ.டி.ஐ. முடித்தவர். பயிற்சி மையத்தில் சேர்ந்து 'டெஸ்ட் அடித்து', சிங்கப்பூரில் கட்டுமான வேலை வாங்கிவிட்டார். டெஸ்ட், ஏஜென்ட், டிக்கெட் எல்லாம் சேர்த்து 3 லட்ச ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூணு வட்டி. மாதம் 9,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலோடு சேர்த்து மாதம் 18,000 கட்டினாலும் கடன் தீர ஏறக்குறைய 2 வருஷம் ஆகும். சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டின் ஆயுள் பொதுவாக அதிகபட்சம் 2 வருஷம். அதாவது எல்லாம் சரியாக நடந்தாலே முதல் பெர்மிட் முழுக்கக் கடனுக்குத்தான்.

எட்டாவது மாதம் தூக்கம் போகிறது. அம்மா போனில் "சாப்டியாடா?" என்று கேட்டால் "சாப்டேன்மா, சைட்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். டார்மிட்டரி அறையில் மற்றவர்கள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பிக்கிறது. ஒருநாள் சூப்பர்வைசரிடம் சண்டை. அடுத்த வாரம் பெர்மிட் கேன்சல், கையில் டிக்கெட். ஊரில் இறங்கியதும் தெருவில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "என்னப்பா, அதுக்குள்ள வந்துட்ட?"

இவர் கற்பனைதான். ஆனால் கடன், பயம், சந்தேகம், பாதியில் திரும்புதல் என்று இந்தக் கதையின் ஒவ்வொரு துண்டையும் உலகின் பல மூலைகளில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 'புலம்பெயர்ந்தோர் மனநலம்' என்பது மனநல மருத்துவத்தில் 90 வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதம். அதில் இந்த இளைஞருக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

போகிற ஆளா, போன இடமா?

1932-ல் நார்வே நாட்டு மனநல மருத்துவர் ஓர்னுல்ஃப் ஓடேகார்ட் ஒரு ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏராளமான நார்வேக்காரர்கள் குடியேறியிருந்தார்கள். அவர்கள் மனச்சிதைவு நோய்க்காக மருத்துவமனையில் சேரும் விகிதத்தை, நார்வேயிலேயே இருந்துவிட்டவர்களோடு ஒப்பிட்டார். அமெரிக்கா போனவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

காரணம் என்ன? ஓடேகார்ட் சொன்ன விளக்கம், நம்ம ஊர்த் திண்ணையிலும் கேட்கக்கூடியதுதான். ஏற்கெனவே ஒரு இடத்தில் ஒட்டாமல், நிலைகொள்ளாமல் இருப்பவர்கள்தான் கப்பல் ஏறுகிறார்கள்; நோயின் விதை அவர்களோடு போகிறது. "அவன் இங்கயே ஒரு மாதிரிதான்" என்பதன் மருத்துவ வடிவம்.

இந்த விளக்கம் பல பத்தாண்டுகள் ஓடியது. அதைக் கணக்குப் போட்டுச் சோதித்தது நெதர்லாந்தில் 2002-ல் வந்த ஒரு ஆய்வு. சுரினாம் என்பது தென் அமெரிக்காவில் இருந்த டச்சுக் காலனி. 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகளும் அங்கே கணிசம். 1975-ல் சுதந்திரம் கிடைத்த காலகட்டத்தில் அந்த நாட்டின் மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நெதர்லாந்துக்கு வந்துவிட்டது. வந்தவர்களிடம் மனச்சிதைவு அதிகமாக இருந்தது.

மனநல ஆய்வாளர் ழான்-பால் செல்டன் குழுவினர் செய்தது எளிமையான வேலை. நோயாளிகள் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆனால் வகுக்கும்போது, சுரினாமில் தங்கிவிட்டவர்களையும் சேர்த்து, மொத்த நாடுமே நெதர்லாந்துக்கு வந்துவிட்டதாகக் கற்பனை செய்தார்கள். நோய் வாய்ப்பு உள்ளவர்கள் மட்டுமே கிளம்பி வந்தார்கள் என்றால், இப்படி வகுத்ததும் வித்தியாசம் காணாமல் போக வேண்டும். போகவில்லை. அப்போதும் நெதர்லாந்தில் பிறந்தவர்களைவிட சுமார் 1.46 மடங்கு அதிகம். ஆக, 'போகிற ஆளே அப்படி' என்பது முழு விடையாக இருக்க முடியாது. போன இடத்தில் ஏதோ நடக்கிறது.

2005-ல் செல்டனும் எலிசபெத் கேன்டர்-கிராயும் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முதல் தலைமுறைக் குடியேறிகளுக்கு மனச்சிதைவு வாய்ப்பு 2.7 மடங்கு, அங்கேயே பிறந்த இரண்டாம் தலைமுறைக்கு 4.5 மடங்கு. இரண்டாம் தலைமுறை எங்கிருந்தும் கிளம்பி வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் பயணம் செய்யவில்லை, 'வெளியாள்' என்ற பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நீண்ட காலம் ஒதுக்கப்பட்டு, தாழ்வாக நடத்தப்படும் அனுபவமே மூளையைப் பாதிக்கலாம் என்பது இந்த இருவரும் முன்வைத்த கருதுகோள். 'சமூகத் தோல்வி' என்று அதற்குப் பெயர்.

2.7 மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். பொதுவாக மனச்சிதைவு வாழ்நாளில் நூறில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு வரும் நோய். அது மடங்காகப் பெருகினாலும், வெளிநாடு போகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு அது வரவே வராது. அதிகம் பேரைத் தொடுவது மனச்சோர்வும் பதற்றமும்தான். 2009-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வேலைக்காகப் புலம்பெயர்ந்தவர்களில் 20 சதவிகிதம் பேரிடம் மனச்சோர்வு இருந்தது. அகதிகளிடம் 44 சதவிகிதம்.

ஆறு கேள்வியும் ஒரு பயமும்

மேலே சொன்ன ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. அவை நிரந்தரமாகக் குடியேறியவர்களைப் பற்றியவை. ஐரோப்பாவில் குடியுரிமை வாங்கி, குடும்பத்தோடு வாழ்பவர்கள். நம்ம ஊர்க் கதை வேறு. 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின் மதிப்பீட்டின்படி சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டினர் வெளிநாடுகளில் இருந்தார்கள். நாடுகளில் முதல் இடம் சிங்கப்பூருக்கு. அங்கே ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளி குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. பெர்மிட் அவர் பெயரில் இருந்தாலும் அது முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் குடியேறி இல்லை, தவணை முறையில் வந்துபோகிறவர்.

இந்தத் தொழிலாளர்களைப் பற்றி நேரடியாகவே ஒரு ஆய்வு இருக்கிறது. சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் ஹாரிகன் குழுவினர், இந்தியா, வங்கதேசத்திலிருந்து வந்த 600-க்கும் மேற்பட்ட ஆண் தொழிலாளர்களிடம் பேசி, 2015-ல் அறிக்கையாக வெளியிட்டார்கள். இரண்டு வகையினர். ஒரு பகுதியினர் வழக்கமாக வேலை பார்ப்பவர்கள். இன்னொரு பகுதியினர், வேலையில் அடிபட்டோ சம்பளம் வராமலோ புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள்.

பயன்படுத்திய கருவி 'கே6' என்ற ஆறு கேள்விப் பட்டியல். கடந்த 30 நாளில் எவ்வளவு முறை பதற்றமாக இருந்தது, நம்பிக்கையே இல்லை என்று தோன்றியது, எதைச் செய்தாலும் பெரும் பாடாக இருந்தது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்தீர்கள்... இப்படி. இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. யாரை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சலித்தெடுக்கும் சல்லடை. புகார் கொடுத்துக் காத்திருந்தவர்களில் 62 சதவிகிதம் பேர் அந்தச் சல்லடையில் 'தீவிர மன பாதிப்பு இருக்கலாம்' என்ற பக்கம் விழுந்தார்கள்.

ஏன் இவ்வளவு? புகார் கொடுத்ததும் பெர்மிட் போய்விடும். கையில் 'ஸ்பெஷல் பாஸ்' என்ற அட்டை. பெரும்பாலும் அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. ஆனால் ஊரில் வட்டி நிற்காது. வழக்கு முடிய மாதக் கணக்கில் ஆகலாம். லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு, இப்படி வேலையில்லாமல் காத்திருக்கும் தொழிலாளர்களுக்காகவே 2008 முதல் இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது. தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடுவது எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை அங்கே சாப்பாட்டு வரிசையில் நிற்பவர் யார் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. போனில் அவரும் சொல்லமாட்டார்.

அதே தரவை வைத்து 2017-ல் வந்த ஆய்வுக் கட்டுரை இன்னும் கூர்மையானது. மன பாதிப்போடு நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நின்ற விஷயங்களில் முக்கியமானது, 'ஊருக்கு அனுப்பிவிடுவேன்' என்ற மிரட்டல். ஊரைப் பிரிந்து வந்த ஒருவரை, ஊருக்கு அனுப்புவேன் என்று சொல்லித்தான் நடுங்க வைக்க முடிகிறது! கடன் என்ற ஒன்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை.

சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள ஏஜென்ட், ஒப்பந்த வருடம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கமிஷனாக வாங்கலாம். ஆனால் இந்தியாவில் கைமாறும் பணத்தை அந்தச் சட்டம் தொடாது. கடன் உருவாகும் இடம் பெரும்பாலும் நம்ம பக்கம்தான்.

கொரோனா காலம் இந்த அமைப்பைக் கண்ணாடி போட்டுக் காட்டியது. 2020 ஏப்ரலில் டார்மிட்டரிகள் மூடப்பட்டன. உள்ளே சுமார் 3.2 லட்சம் பேர். அந்த வருஷக் கடைசிக்குள் அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. ஊர் திறந்த பிறகும் இவர்கள் வெளியே நடமாட நீண்ட நாள் கட்டுப்பாடு நீடித்தது. அந்தக் காலகட்டத்தில்தான் சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் தொழிலாளர் மனநலத்துக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் தொழிலாளர்களின் தாய்மொழிகளில் கவுன்சலிங் தருகின்றன. ஆனால் பேசினால் பெர்மிட் போய்விடுமோ என்று நினைக்கிறவர் கவுன்சலரிடமும் எவ்வளவு பேசுவார்?

சால்மன் மீன் கணக்கு

புலம்பெயர்வு ஆய்வில் 'சால்மன் விளைவு' என்று ஒரு சொல் உண்டு. சால்மன் மீன் கடலில் வாழ்ந்துவிட்டு, கடைசியில் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். அதுபோல நோய்வாய்ப்பட்ட குடியேறிகள் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். மிஞ்சியிருப்பவர்களை மட்டும் எண்ணினால், குடியேறிகள் எல்லோரும் நல்ல ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரியும்.

மீனாவது தானாகத் திரும்புகிறது. தொழிலாளியை டிக்கெட் போட்டு அனுப்புகிறார்கள். அனுப்பப்பட்ட அன்றே அவர் அந்த நாட்டின் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார். இங்கே வந்து கள்ளக்குறிச்சியிலோ முண்டியம்பாக்கத்திலோ அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு வாங்கும்போது, அதில் பெயர், வயசு, ஊர் இருக்கும். சிங்கப்பூர் இருக்காது. இங்கே அவர் உள்ளூர் நோயாளி. இரண்டு நாட்டு ஆவணங்களுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் அவர் விழுந்துவிடுகிறார். அதனால்தான் 'எத்தனை பேர்?' என்ற எளிய கேள்விக்கு, ஒரு பக்கத்துப் பதிவேட்டை மட்டும் புரட்டி விடை சொல்ல முடியாது.

போகும்போதே ஒரு சல்லடை இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மெடிக்கல் எடுக்க வேண்டும். அந்த நாடுகளின் விதிகளில் 'தகுதியில்லை' பட்டியலில் மனநோயும் உண்டு. இதற்கு இரண்டு விளைவு. ஒன்று, போகிற கூட்டம் சராசரியைவிட ஆரோக்கியமானது. ஓடேகார்ட் சொன்னதற்கு நேர் எதிர்த் திசை. இரண்டு, ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், மெடிக்கலில் மாட்டக் கூடாது என்று அதை மறைக்க வேண்டிய நிலை. மறைப்பதற்கு எளிய வழி, மாத்திரையை நிறுத்துவது. நிறுத்தியவரைத்தான் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தெரியாத மொழியில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அனுப்புகிறோம்.

இன்னொரு விஷயம். இந்தியாவில் 'எமிக்ரேஷன் கிளியரன்ஸ்' தேவைப்படும் நாடுகள் 18. மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அதில் உண்டு. சிங்கப்பூர் இல்லை. அந்த 18 நாடுகளுக்கு கிளியரன்ஸ் வாங்கிப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா' காப்பீடு கட்டாயம். தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் போகும் சிங்கப்பூருக்கு அந்த வளையமே இல்லை.

போரிலிருந்து வந்தவர்கள் சொன்னது

வேலைக்குப் போனவர்களைவிட, போருக்குத் தப்பிப் போன தமிழர்களைப் பற்றிய ஆய்வுகள் அதிகம். 1990-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் டெரிக் சிலோவ், சக்கரி ஸ்டீல் குழுவினர் இலங்கைத் தமிழர்களை மூன்று வகையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள்: புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்கள், அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள், சாதாரணக் குடியேறிகள். போரில் பார்த்த கொடுமைதான் பாதிப்புக்குப் பெரிய காரணம் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் வந்து சேர்ந்த பிறகான சிரமங்களும் தனியாகவே ஒரு பெரிய பங்கு வகித்தன. வேலை பார்க்க அனுமதி இல்லாதது, குடும்பத்தைப் பிரிந்திருப்பது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

அந்த மூன்றாவதைத் திரும்பப் படியுங்கள். செல்லடிக்குத் தப்பிய யாழ்ப்பாணத்துக்காரருக்கும், கடன் வாங்கிப் போன கள்ளக்குறிச்சிக்காரருக்கும் வாழ்க்கை முற்றிலும் வேறு. இரண்டு ஆய்வுகளிலும் வந்து நிற்பது ஒரே பயம்.

2016-ல் ஸ்வீடனில் 13 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வும் இதையொட்டியதுதான். ஒரே பகுதிகளிலிருந்து வந்தவர்களில்கூட, அகதிகளாக வந்தவர்களுக்கு மற்றக் குடியேறிகளைவிட மனச்சிதைவு வகை நோய்கள் 66 சதவிகிதம் அதிகம்.

கனடாவின் டொரன்டோவில் மார்ட்டன் பெய்சர் குழுவினர் சுமார் 1,600 தமிழர்களிடம் நடத்திய ஆய்வில், 12 சதவிகிதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனபாதிப்பு இருந்திருக்கிறது. அவர்களில் மிகச் சிலரே சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். டொரன்டோவில் மருத்துவம் இலவசம், தமிழ் டாக்டர்களும் உண்டு. அப்புறமும் போகவில்லை.

(கீழ்ப்புத்துப்பட்டு போல தமிழ்நாட்டிலேயே முகாம்களில் தலைமுறைகளாகக் காத்திருக்கும் இலங்கைத் தமிழர்களின் மனநலம் தனியாக எழுத வேண்டிய கதை. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. காத்திருப்பு மாறவில்லை.)

'நெஞ்சு படபடங்குது டாக்டர்'

ஏன் போவதில்லை? வெட்கம் ஒரு காரணம் என்பது தெரிந்ததே. சொல் இன்னொரு காரணம்.

தமிழில் மனசு வலித்தால் உடம்பைத்தான் சொல்வோம். தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, கை கால் அசதி, வயித்துல ஏதோ பண்ணுது. டார்மிட்டரி பக்கத்து கிளினிக்கில் இதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னால் கிடைப்பது காய்ச்சல் மாத்திரையும் ஒருநாள் எம்.சி.யும். போதாக்குறைக்கு, டிப்ரஷனுக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் சேர்த்து 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லைப் பத்திரிகைகள் புழங்கவிட்டிருக்கின்றன. ஆபீஸ் டென்ஷனுக்கும், படுக்கையை விட்டு எழ முடியாத நோய்க்கும் ஒரே பெயர்.

மனச்சிதைவில் இது இன்னும் நுணுக்கமானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மன் குழுவினர், அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில், காதில் குரல் கேட்கும் நோயாளிகள் தலா 20 பேரிடம் பேசினார்கள். ஆய்வு 2015-ல் வெளியானது. அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் வன்முறையானவை, யாரென்று தெரியாதவை. சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்கள் குரல். அம்மா, மாமியார், அக்கா. குளி, வேலையைப் பார் என்று அதட்டும் குரல்கள். நோய் ஒன்றே என்றாலும் அது பேசும் பாஷை ஊரைப் பொறுத்தது. "எங்கம்மா கூப்பிடுது, நான் போகணும்" என்று ஒருவர் சொன்னால், அது வீட்டு ஏக்கமா, நோயின் அறிகுறியா என்று பிரித்தறிய, அந்த மொழியும் வீடும் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார வேண்டும். அந்த ஒருவர் சிங்கப்பூரிலோ ரியாத்திலோ கிடைப்பது கடினம். ஊரில் கிடைப்பார்.

திரும்பி வந்த பிறகு

நம்ம இளைஞர் எலவனாசூர்கோட்டைக்கு வந்துவிட்டார். முதல் சில வாரம் வீட்டில் "அலைச்சல், ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்". அப்புறம் "யாரோ செஞ்சு வச்சிட்டாங்க". அப்புறம் கோயில் அல்லது தர்கா. இதில் ஆபத்தானது கோயிலோ தர்காவோ இல்லை. "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப்போயிடும்" என்ற நான்காவது யோசனை. கல்யாணம் நோயைக் குணமாக்காது. ஒரு பெண்ணையும் சேர்த்து இழுத்துவிடும்.

கோயில் பற்றி ஒரு ஆய்வு உண்டு. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை டாக்டர் ரகுராம் குழுவினர் கவனித்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தில்லாமல், தோட்ட வேலை, பூஜை, அமைதியான சூழல், பயமுறுத்தாத மனிதர்களோடு தங்கியிருந்தவர்களின் நோய் அறிகுறி அளவு ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தது. மந்திரம் வேலை செய்ததாக ஆய்வு சொல்லவில்லை. ஆதரவான இடம் வேலை செய்தது. அதற்கு முந்தைய வருஷம், 2001 ஆகஸ்ட் 6-ல், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். வழிபாட்டு இடத்தைச் சுற்றி நடக்கும் இரண்டுக்கும் இடையில் அவ்வளவு தூரம்.

மருத்துவர்கள் கவலைப்படுவது நாள் கணக்கைப் பற்றி. அறிகுறி தொடங்கிய நாளுக்கும் முதல் சரியான சிகிச்சைக்கும் இடையே எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அவ்வளவுக்கு மீள்வது கடினம் என்பது மனச்சிதைவு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. திரும்பி வருகிற தொழிலாளிக்கு அந்தக் கடிகாரம் அங்கேயே ஓட ஆரம்பித்துவிட்டது.

நம்பிக்கை தரும் ஆய்வும் இருக்கிறது. சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய சென்னையின் ஸ்கார்ஃப் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும், கனடாவின் மான்ட்ரியல் மருத்துவர்களும் சேர்ந்து, முதன்முறை மனச்சிதைவு வகை நோய் வந்தவர்களை இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி சிகிச்சையில் 2 வருஷம் தொடர்ந்தார்கள். குரல் கேட்பது, சந்தேகம் போன்ற அறிகுறிகள் இரண்டு இடத்திலும் ஒரே அளவில் குறைந்தன. ஆனால் ஒதுங்கிக் கிடப்பது, எதிலும் பற்றில்லாமல் போவது போன்றவற்றில் சென்னை நோயாளிகள் கூடுதலாகத் தேறினார்கள். சென்னையில் குடும்பத்தின் ஈடுபாடு அதிகமாக இருந்ததை ஆய்வாளர்கள் முக்கியமாகக் குறிப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அக்கா கூட வருகிறார், மாத்திரையை அம்மா எடுத்துத் தருகிறார். டார்மிட்டரியில் இல்லாமல் போனது இதுதான்.

எங்கே போவது?

கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். சென்னை வரை போக வேண்டிய அவசியமில்லை. கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தூரமே ஒரு நாள் கூலி என்பது வேறு விஷயம். அவர்களும் வெளியூர் வேலைக்குப் போய் வருகிறவர்கள்தான், பாஸ்போர்ட் இல்லாமல்.

மருத்துவமனைக்கு வராதவர்களைத் தேடிப் போகும் முயற்சிக்கு புதுக்கோட்டை ஒரு உதாரணம். வெளிநாட்டுக்கு நிறையப் பேரை அனுப்பும் அந்த மாவட்டத்தில், ஸ்கார்ஃப் ஒரு பேருந்தையே கிளினிக்காக மாற்றி கிராமம் கிராமமாக ஓட்டியது. நோயாளி பேருந்தில் திரை முன் உட்கார, டாக்டர் சென்னையிலிருந்து பேசுவார். மருந்து அங்கேயே கிடைக்கும்.

போனில் முதலில் பேசிப் பார்க்க, டெலி மானஸ் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 24 மணி நேர இலவச எண், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். 2017 மனநலச் சட்டப்படி, அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவது உரிமை. சங்கிலி போடுவது சட்டப்படி தடை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே சட்டம் பார்க்கிறது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் 2020 முதல் அது குற்றமில்லை.

வெளிநாட்டிலிருந்து நோயோடு திரும்புகிறவரை ஏர்போர்ட்டில் அழைக்கப் போகிறவர்கள் ஒன்றைச் செய்யலாம். அங்கே டாக்டரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, மாத்திரை அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வையுங்கள். வெட்கப்பட்டு அவற்றை ஏர்போர்ட் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட வாய்ப்புண்டு. கம்பெனியில் யாரிடமாவது கேட்டு வாங்க முடிந்தாலும் வாங்குங்கள். மனநோய்க்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகள் உண்டு. அதைப் போட்டிருந்தால் தேதி முக்கியம். இங்கே ஓ.பி.யில் உட்காரும் டாக்டர் கேட்கும் முதல் சில கேள்விகள் இவைதான்: தூக்கம் எப்போதிலிருந்து இல்லை? அங்கே என்ன மாத்திரை கொடுத்தார்கள்? கடைசி ஊசி எப்போது?